நான்கரை அடி உயரத்தில் ஓர் ஆணி

2017 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மழைமானியில் முப்பத்தெட்டு மில்லிமீற்றர். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே முந்தின நாள் குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். ஆறு மணிக்கு, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களம். மரப்பிரிவுக்கு அன்று பதினொரு பேர்: நான்கு பேர் விறகுக்கு, மூன்று பேர் நாற்றுமேடைக்கு, நான்கு பேர் பாலத்துக்கு. ஏழு மணிக்கு நாற்றுமேடையைப் பார்த்தேன். சவுக்குக் கன்றுகளில் பதினேழு, நத்தை கடித்து மொட்டையாக நின்றன. எட்டரைக்கு ரொட்டியும் கட்டசம்பலும். ஒன்பது இருபத்தைந்து வரை எழுத வேறொன்றும் இல்லாத நாள்.

மரப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி மரப்பிரிவு வெளிக்கள உத்தியோகத்தர். குழி எத்தனை அடி, கன்றுக்குக் கன்று எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நாமே செய்த தப்பு இருபது வருடம் கழித்து எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. தேயிலையில் செய்த தப்பு அடுத்த கவ்வாத்தில் தெரிந்துவிடும். மரத்தில் செய்த தப்பு மரத்தோடு சேர்ந்து வளரும்.

அந்த வாரம் எங்கள் தலைமேல் இருந்த வேலை ஒரு பாலம்.

எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குக் கீழ்க்கணக்கு என்று பெயர். வரிசை வீடுகளாக இரண்டு லயம், முப்பத்திரண்டு குடும்பம். அவர்கள் ரோட்டுக்கு வர ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். இருபதடி அகலம்தான். நடுவில் ஒரு கருங்கல் தூண். கரையிலிருந்து தூணுக்கு மூன்று பலகை, தூணிலிருந்து அடுத்த கரைக்கு மூன்று பலகை. ஒக்டோபர் கடைசியில் வந்த வெள்ளம் தூணை விட்டுவிட்டு ஆறு பலகைகளையும் கொண்டுபோய்விட்டது. சுற்றிப் போக ஒரு மேட்டுப் பாதை உண்டு, மூன்று மைல். அந்தப் பாதையில் வெடிப்பு விட்டிருந்தது. மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழைக்காலத்து வெடிப்பை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பாதையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டி மூடியாயிற்று. ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலைக்கு வந்தார்கள்.

இறங்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் மரவெட்டுக் குழுவில் செயின்சோ ஓட்டும் சிவாவின் மனைவி செல்வி. தலைப்பிள்ளை, நிறைமாதம், கூடவே பிரஷர். லயத்தில் வைத்துப் பிரசவம் பார்க்கக் கூடாது, பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவ மாது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பதினஞ்சாந் தேதின்னு கார்டுல எழுதியிருக்கேன் மிஸ். ஆனா குழந்தை கார்டை வாசிச்சிட்டு வராது. பலகையைச் சீக்கிரம் போடுங்க" என்றார்.

முன்கூட்டியே அழைத்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை முயன்றார்கள். நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். கரையிலிருந்து நாலடி போவதற்குள் ஒருவனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. செல்வி கயிற்றைப் பிடித்துக் கரையேறி, "பலகை போட்டுட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் என்னைத் தூக்குறேன்னு எவனும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு லயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு பலகை வேண்டும், ஒவ்வொன்றும் பதினோரு அடி. ஓடையோரம் 1991இல் நட்ட டர்பன்டைன் மரங்கள் நின்றன. யூக்கலிப்டஸை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பதிவேட்டைப் பார்த்து நேராக வளர்ந்த மூன்றைத் தேர்ந்தேன்: 147, 151, 158. பௌர்ணமிப் போயா கழிந்த மறுநாள் சனிக்கிழமை அவற்றைச் சாய்த்தோம். மரவெட்டுக் குழுவின் தலைவரை நாங்கள் எல்லோரும் கங்காணி என்றே கூப்பிடுவோம். அவருக்கு நாளைப் பற்றி ஏகத் திருப்தி.

"தேய்பிறைல வெட்டினது மிஸ். பூச்சி கிட்டயே வராது. ஒங்க டயரிலயும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு மரத்திலும் அடிப்பக்கத்திலிருந்து பதினாறடி அறுத்து, திங்கட்கிழமை டிராக்டரில் ஏற்றி, நாற்பது நிமிட தூரத்தில் இருந்த மரஆலைக்கு அனுப்பினோம். செவ்வாய் மதியம் பலகை, மாலையில் பாலம். அதுதான் திட்டம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஆலை முதலாளி தொலைபேசியில் வந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"மிஸ், மரத்துக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஏன் முதலாளி?"

"முதல் கட்டையை ஓட விட்டேன். ரெண்டாவது அறுப்புல டணார்னு ஒரு சத்தம். புது பிளேடு. பல்லெல்லாம் போச்சு. என் ஆளு ரெண்டடி தள்ளி நின்னதால தப்பிச்சான். மத்த ரெண்டு கட்டையையும் வந்து ஏத்திட்டுப் போயிடுங்க. ஒங்க தோட்டத்து மரம் இனிமே என் மில்லுக்குள்ள வரவே கூடாது."

வைத்துவிட்டார்.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதிருப்பதற்காக. அந்த மரங்களுக்குப் பக்கத்தில் முனியாண்டி கோயில் இருக்கிறது. திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுவது அந்த மரங்களில்தான். என் மூளை நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஆற்றங்கரைக்குப் போனேன். கங்காணி தூணின் தலையில் படிந்திருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான்கு பேர் முன்னிலையில், "திருவிழாவுக்கு ஸ்பீக்கர் மாட்டுறேன்னு மரத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்க. இப்ப பாருங்க என்ன ஆச்சுன்னு" என்றேன்.

கங்காணி நிமிர்ந்தார். சுரண்டுகிற தகட்டைக் கீழே வைத்தார்.

"மிஸ், நாங்க கயித்துலதான் கட்டுவோம். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அந்த மரத்துல ஆணி அடிச்சா முனியாண்டிக்கு ஆவாது. சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"அப்ப ஆணி எப்படி வந்துச்சு?"

"அடிச்சவங்களைத்தான் கேக்கணும்."

நான் தோட்ட மேலாளரான பெரிய துரைக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன், ஸ்பீக்கர்காரர்கள் வேலை என்று. அவர் அன்று கொழும்பில் கூட்டத்தில் இருந்தார். "அப்படியே ரிப்போர்ட் எழுதி வையுங்க" என்றார். இரண்டே நிமிடத்தில் குற்றவாளியும் கிடைத்து, ரிப்போர்ட்டும் தயார். இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் முடியும்போது கொஞ்சம் சந்தேகப்படப் பழகுங்கள். எனக்கு அன்று அந்தப் பழக்கம் இல்லை.

பத்து ஐம்பதுக்கு ஆட்டோவில் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி அறுபட்ட கட்டையைக் காட்டினார். வெண்சிவப்பு மரத்தின் நடுவே கறுப்பாக ஒரு கறை, கறைக்குள் வளைந்த மூன்றங்குல ஆணி. ஆணியின் தலையோடு ஒட்டி மடிந்து கிடந்தது ஓர் அலுமினியத் தகடு. ஆணித் தலைக்கு வெளியே நான்கு விரற்கடை மரம் வளர்ந்து மூடியிருந்தது. முதலாளியிடம் குறடு வாங்கி, தகட்டை விரித்துப் பார்த்தேன்.

147.

அந்த ஏழுக்கு நடுவில் ஒரு சிறு கோடு. ஏழுக்குக் கோடு போடுகிற ஆள் எங்கள் தோட்டத்தில் ஒருத்திதான்.

1996இல் மரப்பிரிவு என் கைக்கு வந்த புதிது. ஓடையோரம் நின்ற ஐந்து வயது மரங்களுக்கு எண் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. தகடு வாங்கி, உளியால் எண் பொறித்து, நானே நின்று ஒவ்வொரு மரத்திலும் அடிக்க வைத்தேன். பிறகு பெயின்டால் எண் எழுதும் முறை வந்தது. தகடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போயின. "தகடுகள் விழுந்துவிட்டன" என்று பதிவேட்டில் எழுதியதும் நான்தான். ஒன்றுகூட விழவில்லை. அத்தனையையும் மரம் விழுங்கியிருந்தது.

ஆலைக்குள் ஈர மரத்தூள் வாசனை. முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம். தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஸ்பீக்கர் கதையே நிலைத்திருக்கும். நான் அப்படி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஓர் அரை நிமிடம் யோசித்தேன். ஆனால் மற்ற இரண்டு கட்டைகளும் வெளியே கிடந்தன. ஸ்பீக்கர்காரன் அடித்த ஆணி என்றால் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கட்டை விறகுக்குத்தான் லாயக்கு. நான் அடித்த ஆணி என்றால் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கலாம். உண்மையைச் சொன்னால்தான் பலகை கிடைக்கும்.

"முதலாளி, இது நான் அடிச்சது" என்றேன்.

"நீங்களா?"

"நானேதான். மத்த ரெண்டுலயும் இருக்கு. எங்க இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்."

வீட்டுக்குத் தொலைபேசி அடித்தேன். என் கணவர் அப்போதுதான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"அலமாரில மூணாவது தட்டு, 1996 டயரி, நீல அட்டை. ஜூன் மாசம் எடுங்க. தகடுன்னு வர்ற எடத்தைப் பாருங்க."

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம்.

"இங்க பாரு, பதினோராந் தேதி நீ எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு ராத்திரி சாப்பிடலைன்னு போட்டிருக்கு. எதுக்குன்னு எழுதலையே?"

"அது வேண்டாம். தகடு."

"ரெண்டு நாள் பேசலையாமே?"

"தகடுங்க!"

"சரி சரி, இருக்கு. 'தரையிலிருந்து சரியாக நான்கரை அடி. எல்லா மரத்திலும் மேட்டுப் பக்கம். குச்சி வைத்து அளந்தே அடிக்க வேண்டும்.' கீழ ரெண்டு கோடு வேற."

நான்கரை அடி. மேட்டுப் பக்கம். அத்தனை மரத்திலும். சனிக்கிழமை நாங்கள் வெட்டியது தரையிலிருந்து அரை அடி விட்டு. அப்படியானால் கட்டையின் அடி முனையிலிருந்து நாலடியில் ஆணி. அடியில் ஐந்தடியை அறுத்து எறிந்தால் மிச்சம் பதினோரு அடி. எனக்கு வேண்டியதும் பதினோரு அடி.

முதலில் துரையை அழைத்து, காலையில் சொன்னது தவறு, ஆணி என்னுடையது என்றேன். "அப்ப ரிப்போர்ட்டை மாத்தி எழுதுங்க" என்றார், அவ்வளவுதான். அடுத்து கங்காணி. இதுதான் கஷ்டமாக இருந்தது.

"கங்காணி, ஆணி நான் அடிச்சதுதான். நாலு பேரு முன்னால ஒங்களைச் சொன்னது தப்பு. அந்த நாலு பேரு முன்னாலயே வந்து சொல்றேன்."

"ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன் மிஸ். நாலு பேரும் கேட்டாச்சு" என்றார். பின்னால் சிரிப்புச் சத்தம். "எங்ககிட்ட முடிஞ்சிருச்சு. முனியாண்டிகிட்ட நீங்களே பேசிக்குங்க."

சிவாவையும் செயின்சோவையும் கூட்டிக்கொண்டு, கோடரியையும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். சிவா ஆட்டோவிலிருந்து குதித்து இறங்கி, நேராகக் கட்டையிடம் போய் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தான். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். அவன் கை நடுங்குவதை நான் பார்த்தேன்.

"சிவா, கீழ வை."

"இல்ல மிஸ், நேரமாவுது. செல்விக்குக் காலைல இருந்து இடுப்பு வலிக்குதாம். அவ சாதாரண வலின்னுதான் சொல்றா, ஆனா..."

"கீழ வைன்னேன். போய் டீ குடிச்சிட்டு வா."

"டீயா? இப்பவா மிஸ்?"

"ஒரு டீ, ரெண்டு பணிஸ். தின்னு முடிச்சிட்டு வந்துதான் இதைத் தொடணும்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடம் எனக்கும் வலித்தது. ஆனால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு அவசரமானாலும் கை நடுங்குகிறவனிடம் செயின்சோவைக் கொடுக்காதீர்கள். அவன் வீட்டு அவசரமாக இருந்தால் நிச்சயம் கொடுக்காதீர்கள்.

அதற்குள் முதலாளி வேறொரு கேள்வியோடு நின்றார்.

"அஞ்சடியை வெட்டி எறியுறீங்க, சரி. மிச்சத்துல ஒண்ணும் இல்லன்னு நான் எப்படி நம்புறது? இன்னொரு பிளேடுதான் இருக்கு மிஸ். அதுவும் போனா ரெண்டு வாரம் மில்லைப் பூட்டணும். எட்டு பேருக்கு வேலை இல்ல."

நியாயமான கேள்வி. சத்தியம் செய்து என்ன பயன்? நான் சொன்னேன்: "வெட்டின அஞ்சடித் துண்டை ஒங்க கண்ணு முன்னால பிளக்கிறோம். நான் சோக்கட்டியால புள்ளி வெக்கிறேன். அந்தப் புள்ளிக்கு நேர் உள்ள ஆணி இருந்தா, நான் அளந்துதான் அடிச்சேன்னு நம்புங்க. இல்லாட்டி ரெண்டு கட்டையையும் நானே ஏத்திட்டுப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். சிவா வந்தான். இப்போது கை நிதானமாக இருந்தது. 151ஐ அடியிலிருந்து ஐந்தடியில் அறுத்தான். துண்டு உருண்டது. மரத்தைச் சாய்க்கும்போது வெட்டிய வாய் கீழ்ச் சரிவுப் பக்கம் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் மேடு. நாலடி அளந்து, பட்டையின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வெளியே பார்த்தால் ஒரு தழும்புகூட இல்லை, வழவழவென்று சுத்தமான பட்டை.

கங்காணியின் கோடரியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த கோடரிகளில் மிஞ்சிய ஒன்று அது. அதன் பிடி வெள்ளை ஆஷ் என்ற மரம். நம் மலையில் வளர்வதில்லை. அடியின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு கைக்கு அனுப்பாது. சவுக்கு, கொய்யா, கோப்பி என்று எத்தனையோ மரத்தில் பிடி செய்து கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்று திருப்பிக் கொடுப்பார். அந்தக் கோடரியை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை.

அதை ஓங்கி, குறிக்கு நேராக மரத்தின் முனையில் போட்டார். இரும்பு ஆப்பை வைத்து நான்கு முறை அடித்தார். டர்பன்டைன் நாருக்கு நேராகப் பிளக்கும். படாரென்று வாய் திறந்தது. எல்லோரும் குனிந்தோம்.

ஆணி, என் பெருக்கல் குறிக்கு நேர் உள்ளே, இரண்டு விரல் தள்ளி இருந்தது. தகட்டில் 151.

முதலாளி தகட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷமா மரம் அறுக்கிறேன் மிஸ். தப்பு பண்ணின ஆளுங்க நெறைய பேரைப் பார்த்திருக்கேன். இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணின ஆளை இப்பதான் பாக்குறேன்." உள்ளே திரும்பிக் கத்தினார்: "டேய், புது பிளேடை மாட்டு!"

158இலும் அப்படியே. புள்ளி, ஆப்பு, ஆணி. இரண்டேகாலுக்கு ரம்பம் ஓடத் தொடங்கியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். நாலு மணிக்கு ஆறு பலகை தயார். காலையில் பாதி அறுபட்ட 147 தேவைப்படவில்லை.

வெட்டி மூன்றே நாளான மரத்தில் பலகை அறுக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்கத்தான் வேண்டும். அறுக்கக் கூடாது. காயும்போது முறுக்கும், நுனி வெடிக்கும், போல்ட் துளை விரியும். நான் அன்று கேட்டுக்கொண்டது வேறு கேள்வி: அடுத்த வருடம் கோணப்போகும் பலகை வேண்டுமா, இன்று பலகையே இல்லாமல் இருக்க வேண்டுமா? அடுத்த மாசியில் அவற்றைக் கழற்றி, காய்ந்த பலகை போட்டோம். அவசரத்துக்கு விதியை மீறினால், மீறியதை எழுதி வைத்து, பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள். எழுதி வைக்காத விதிமீறல் நாளடைவில் வழக்கமாகிவிடும்.

நாலு ஐம்பதுக்கு டிராக்டர் ஆற்றங்கரையில் நின்றது. ஈரப் பலகை கல்லாகக் கனத்தது. ஒன்றுக்கு நான்கு பேர். ரோட்டுப் பக்கத்து மூன்று பலகைகளைத் தூணோடும் கரையோடும் போல்ட் போட்டு முடுக்கினோம். லயத்துப் பக்கத்து மூன்றையும் தூக்கி வைத்தபோது ஐந்தே முக்கால். வானம் இருட்டிக் கொட்ட ஆரம்பித்தது. ஈரத்தில் துளைபோடும் இயந்திரத்தைத் தொட முடியாது. கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டு, கங்காணி இரண்டு முனையிலும் ஒரு வாழைமட்டையைக் குறுக்கே போட்டார், யாரும் ஏறக் கூடாது என்பதற்கு.

"நாளைக்குக் காலைல ஒரு மணி நேர வேலை மிஸ். எட்டு மணிக்குத் தொரை வந்ததும் தேங்காய் ஒடைச்சுத் தொறந்துடலாம்."

செல்வி அக்கரையில் குடையோடு நின்றாள். "இப்பவே வரட்டா மிஸ்?" என்று கத்தினாள்.

ஆறு ஏறிக்கொண்டிருந்தது. கயிறு மட்டும் பிடித்திருக்கும் பலகை, மழை, மங்கல் வெளிச்சம். வலி நின்றுவிட்டது என்று அவளே சொன்னாள். "காலைல வா" என்றேன். வேனும் மருத்துவ மாதுவும் ஐந்தரைக்கெல்லாம் ரோட்டில் நிற்க ஏற்பாடு செய்தேன். அந்த முடிவு சரியா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தூக்கம் வரவில்லை என்று மட்டும் அன்றைய குறிப்பில் இருக்கிறது.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு நான் ஆற்றங்கரைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. வேன் நின்றது. துளைபோடும் இயந்திரத்தோடு கங்காணியும் இரண்டு பேரும் அப்போதுதான் தூணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கரையில் சிவா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் செல்வி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"மிஸ், நாலு மணில இருந்து வலி. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா" என்றான் சிவா.

ஆறு போல்ட் பாக்கி. ஒரு மணி நேரம். கங்காணி என்னைப் பார்த்தார். நான் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தேன். இரவு வெள்ளம் அதை இழுத்திருந்தது. பலகைகள் வைத்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஓரப் பலகை ஒரு முனையில் அசைந்தது. ஓரம் அசைந்தால் நடுப்பலகை நழுவும். ஓரம் அசையாவிட்டால் நடுப்பலகை எங்கும் போகாது.

"கங்காணி, மிசினை வையுங்க. ஒக்காருங்க."

"எங்க மிஸ்?"

"பலகை மேல. ஓரப் பலகை ரெண்டுலயும், நுனிக்கு ஒரு ஆளு. நானும் ஒக்கார்றேன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூணின் மேல் இடப்பக்கப் பலகையின் நுனியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே வலப்பக்க நுனியில் இன்னொருவர். நடுப்பலகை வழியாக நடந்து போய் அக்கரை நுனியில் ஒரு பக்கம் நானும், மறுபக்கம் மற்றவரும். பலகை பனிக்கட்டி போலச் சில்லென்றிருந்தது. ஆறு கீழே ஓர் அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

செல்வி வந்து நின்று எங்கள் நால்வரையும் பார்த்தாள்.

"என்னா இது, கல்யாணப் பந்தியா? எல காணோம்?"

"பேசாம நட புள்ள" என்றார் கங்காணி.

"நான் தனியா நடந்துக்கிறேன். இவர் பின்னால வரட்டும். பிடிச்சு இழுக்கக் கூடாது, சொல்லுங்க மிஸ்."

"சிவா, தொடாத" என்றேன்.

அவள் நடுப்பலகையில் கால் வைத்தாள். ஒரு அடி, இரண்டு அடி. என் கீழே பலகை லேசாக மூச்சு விட்டது போல் அழுந்தியது. பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். வலி வந்துவிட்டது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். சிவா கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டான். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம்: நாற்பது விநாடி. அவள் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கங்காணிக்கும் அடுத்தவருக்கும் நடுவே தூணைக் கடந்து, போல்ட் போட்ட பலகையில் ஏறிக் கரைக்குப் போனாள். ஏறும்போது கங்காணியின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

மருத்துவ மாது அவளை வேனில் படுக்கவைத்து, கை நாடி பார்த்து, பிரஷர் பார்த்தார். பிறகு கதவிலிருந்து எங்களைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று கையால் காட்டினார். பெட்டியோடு சிவாவும் ஏறிக்கொண்டான், கதவு மூடியது.

நாங்கள் நால்வரும் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. வேன் முதல் வளைவு திரும்பியது, இரண்டாம் வளைவு திரும்பியது, பதுளை ரோட்டில் ஏறி அதன் சத்தம் அடங்கியது.

"இப்ப எந்திரிக்கலாம்தானே மிஸ்?" என்றார் கங்காணி.

எழுந்தோம். முதல் போல்ட்டை முடுக்கினோம்.